குளித்த பிறகுதான் சூடம்

எங்கள் ஏஜென்சியில் கேஸ் வாங்குகிற வீடுகளில் சிலிண்டர் குளிக்கும். சிரிக்காதீர்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். புது சிலிண்டர் வந்து இறங்கினால் முதல் வேலை, அதன் தலையில் நுரைத் தண்ணீர். பொட்டு, பூ, சூடம் எல்லாம் அப்புறம்தான். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் செய்யணும்" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் முழிப்பார்கள்.

சொன்னது தங்கபாய். போன மாதம், 1997 மார்ச்சில், அவளுக்கு ஏஜென்சியில் வழியனுப்பு விழா வைத்தார்கள். தூத்துக்குடியில் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறாள். மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்து, "நேரம் தவறாத ஊழியர்" என்று பேசினார்கள். நேரம் தவறாதவளாம்! பதினோரு வருசத்தில் அவள் ஒரு நாள் நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. செட்டியார்பட்டி டவுன் பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது, அவள் வருவதற்கு? செய்ததை விட்டுவிட்டுச் செய்யாததைப் பாராட்டினால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பால்ச்சாமி. அதே ஏஜென்சியில் மெக்கானிக். அவள் என்னை அண்ணாச்சி என்பாள், நான் அவளைத் தங்கச்சியாக நினைத்தவன். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு இல்லை.

முதலில் அந்தக் காலத்துப் பயத்தைச் சொல்ல வேண்டும். எண்பத்தைந்து, எண்பத்தாறில் கேஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருசக்கணக்கில் காத்திருப்பார்கள். ஏஜென்சி வாசலில் வந்து நின்று என் கனெக்சன் வந்துச்சா, என் கனெக்சன் வந்துச்சா என்று உயிரை எடுப்பார்கள். கடைசியில் சிலிண்டர் வீட்டு வாசலில் இறங்கும்போது அதே ஆளுக்கு முகம் வெளுத்துப்போகும். தேவதானத்தில் ஒருவர் மனைவியை அடுப்படியில் விட்டுவிட்டுத் தெருமுனையில் போய் நின்றுகொண்டு, "பத்த வச்சிட்டியா?" என்று கத்தினார். அந்த அம்மா பதிலுக்கு, "நீங்க இன்னும் செத்தத் தள்ளிப் போங்க, பொறவு பத்த வைக்கேன்" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தவசிமுத்து என்று ஒருவர், தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. இருபது வருசமாக நெருப்போடு குடும்பம் நடத்துகிறவர். அவர் சிலிண்டரைக் கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார். அடுப்பு உள்ளே, சிலிண்டர் வெளியே. டியூப் எப்படி எட்டும் என்று கேட்டேன். "அதுக்குத்தான உன்னக் கூப்பிட்டுருக்கு" என்றார்.

இதே மனிதர்கள் வீட்டில்தான் பம்ப் ஸ்டவ் இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு. அது சீறச் சீறப் பம்ப் அடிப்பார்கள், பின் வைத்துக் குத்துவார்கள், எரியும்போதே எண்ணெய் ஊற்றுவார்கள், இடுப்பில் பிள்ளை வேறு. ஊரில் வருசத்துக்கு நாலு பேராவது ஸ்டவ் வெடித்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அதற்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. அது பழகின பிசாசு. கேஸ் பழகாத பிசாசு. நாலு நாள் கேஸில் சமைத்துப் பழகிவிட்டால் அந்தப் பயமும் போய்விடும். அப்புறம் அடுப்புக்கு மேலே கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுவார்கள்.

இவர்களிடம் என் பேச்சு ஒன்றே ஒன்றுதான். "ஒண்ணும் ஆகாது, தைரியமா பத்த வைங்க." கேஸ் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் டிரெயினிங்கில் சொல்லித்தான் கொடுத்தார்கள். யார் அதையெல்லாம் கலக்கிக்கொண்டு இருப்பது? குனிந்து ஒரு மோப்பம் பிடிப்பேன், முடிந்தது வேலை. பிறகு வீட்டுக்காரர்கள் சிலிண்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்து அதன் கழுத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். நானும் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு கிளம்புவேன். அன்றைக்கு என்னை விட நிம்மதியான மனிதன் ராஜபாளையத்தில் கிடையாது. கசிந்திருந்தால் அந்தச் சூடம் என்ன செய்திருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

எண்பத்தாறில் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். பெண்களுக்கு அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்படி வந்தவள்தான் தங்கபாய். குட்டையான ஆள், பெரிய தொண்டை. கிறிஸ்தவப் பெண், செட்டியார்பட்டி பால்வாடியில் வேலை பார்த்தவள். நாற்பது பிள்ளைகள் ஒன்றாக அழுதாலும் அதற்கு மேலே கேட்கிற குரல். கணவன் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது, அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. எந்த வெயிலிலும் முந்தானையை இழுத்து வலது கையை மூடிக்கொள்வாள். பழக்கம் போல என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோது சேலை நழுவியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிக் கிடந்தது.

"அக்கா வீட்டு ஸ்டவ் அண்ணாச்சி. எனக்குப் பதினாறு வயசு. நான் கையோட போனேன், அக்கா போயே போயிட்டா" என்றாள்.

அப்படிப்பட்டவள் பயமுறுத்தாமல் என்ன செய்வாள்? ஆனால் அவள் பயமுறுத்தியது கொஞ்சநஞ்சம் இல்லை. அடுப்படியில் பெண்களை உட்கார வைத்து, "இது என்னதுன்னு நெனைக்கீக? எமன்" என்றுதான் ஆரம்பிப்பாள். இருபத்திரண்டு எச்சரிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, ஒவ்வொரு கதையிலும் ஒரு சாவு. சுவர் எப்படி இடியும், கூரை எங்கே போய் விழும், ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள் என்பது வரைக்கும். அவள் முடிக்கும்போது பெண்கள் எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருப்பார்கள். நான் போய் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி ஒவ்வொருவராகப் பிய்த்து எடுக்க வேண்டும்.

பஸ்ஸில் தினமும் சண்டை.

"ஏம்மா, கேஸ் குடுக்க வந்தமா, இழவு சொல்ல வந்தமா?"

"ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுதீகளே அண்ணாச்சி, எத வச்சு சொல்லுதீக?"

"இத வச்சு" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

"அந்த மூக்குக்குச் சளி பிடிச்சா ஊரு என்ன ஆகும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாத்திரக்கடை காளிராஜ் வீட்டில்தான் முதல் வெடி. சிலிண்டர் வெடி இல்லை, மனுசர் வெடி. ராஜபாளையத்தில் பெரிய குடும்பம், உறவுக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். காளிராஜ் சூடத்தட்டோடு வந்து சிலிண்டருக்கு நேரே கையை நீட்டினார். தங்கபாய் பாய்ந்துபோய் 'பூ' என்று வாயால் ஊதி அணைத்துவிட்டாள்.

விளக்கையே வாயால் ஊதாத வீடு. சாமிக்கு ஏற்றிய சூடத்தை ஊதினால் கேட்க வேண்டுமா? காளிராஜ், "ஏம்மா வேதக்காரி, எங்க சாமிய ஊதிட்டியே!" என்று போட்டார் ஒரு சத்தம்.

"நான் சாமிய ஊதல அண்ணாச்சி, தீய ஊதுனேன்" என்றாள் தங்கபாய்.

நியாயமான பதில்தான். அந்த நேரத்தில் நியாயம் யாருக்கு வேண்டும்? நாங்கள் ஏஜென்சிக்குத் திரும்புவதற்கு முன்னால் காளிராஜ் அங்கே உட்கார்ந்திருந்தார். எங்கள் முதலாளி சுப்புராஜுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். கோபம் வந்தால் கடையிலும் தெலுங்கு வந்துவிடும். "ஏமம்மா, நீ கனெக்சன் குடுக்க வந்தியா, இருக்கிறதப் புடுங்க வந்தியா?" என்று ஆரம்பித்தவர் அரைமணி நேரம் விடவில்லை. ஏற்கெனவே மூன்று வீட்டில் சிலிண்டரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தங்கபாய் பேச்சைக் கேட்டுப் பயந்துபோய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர சந்தோசம். நல்லா வேணும் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோசம் ஆவுடையம்மாள் வீட்டுச் சேதி வரும் வரைக்கும்தான்.

ஆவுடையம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கணவர் சங்கரலிங்கம் பால்கோவாக் கடையில் பால் கிண்டுகிறவர். திருப்பி அனுப்பிய மூன்று வீட்டில் அவள் வீடும் ஒன்று. தங்கபாய் சொன்ன இருபத்திரண்டையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். பயந்துபோய் மூன்று நாள் அடுப்படிக்கே போகவில்லையாம். நாலாம் நாள் சங்கரலிங்கம் சைக்கிளில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனார். வீட்டில் மறுபடியும் பம்ப் ஸ்டவ் ஏறியது. எண்பத்தேழு ஆடி மாதம் அது வெடித்தது.

உயிர் பிழைத்துவிட்டாள். இரண்டு கையும் கழுத்தும் வெந்து போயின. கேள்விப்பட்ட அன்றைக்கே தங்கபாய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். தனியாகப் போக வேண்டாம் என்று நானும் போனேன். கட்டிலில் வெந்த கையை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஆவுடையம்மாள் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஒரு குழப்பம்தான் இருந்தது.

"நீ சொன்னபடிதான கேட்டேன் தாயி? எமன் வேண்டாம்னு திருப்பித்தான அனுப்புனேன்?"

தங்கபாய் நின்ற இடத்தில் நின்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நான்தான் அண்ணாச்சி. நான்தான் அவளத் திருப்பி அந்த ஸ்டவ்வுக்கு அனுப்புனேன்" என்றாள். ஒண்ணும் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது, மூடிக்கொண்டேன்.

முதலாளி மறுநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இனி ஒரே ஒரு சிலிண்டர் திரும்பி வந்தாலும் நீ வேலைக்கு வர வேண்டாம்மா." அவள் வாதாடவில்லை. அதற்குப் பிறகு வீடுகளுக்கு வருவாள், அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டுவாள், பேசாமல் வந்துவிடுவாள். சூடத்தட்டு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நிற்பாள். நானும் வழக்கம்போல மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு நிம்மதி. முதலாளிக்கு நிம்மதி. எனக்கு மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டது பிடிக்கவே இல்லை. சண்டை போட ஆள் இல்லாமல் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் பஸ் நகரவே மாட்டேன் என்றது.

ஆயுத பூஜை வந்தது. ஏஜென்சியில் மூன்று சக்கர வண்டிகள், முதலாளியின் கார், என் டூல்ஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் பூஜை. வண்டி ஓட்டுகிற சங்கிலிப்பாண்டி சோம்பேறி. சேறும் சகதியுமாக இருந்த வண்டிக்கு அப்படியே சந்தனத்தை அப்பினான். முதலாளி பார்த்துவிட்டார்.

"ஒரேய், கழுவாமப் பொட்டு வைக்கிற! குளிக்காத சாமிக்கு எவனாவது சூடம் காட்டுவானா? வாளிய எடுரா!"

சங்கிலிப்பாண்டி முணுமுணுத்துக்கொண்டே வாளியை எடுத்தான். ஓரமாக நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்த தங்கபாய் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, குளிக்காமச் சூடம் காட்டவே கூடாதா?"

"பின்ன? கோயில்லகூட அபிஷேகம் முடிஞ்சுதான் தீபாராதனை. குளியல், பொட்டு, பூ, கடைசியிலதான் சூடம்."

"எல்லா வீட்லயும் அப்படித்தானா?"

"எல்லா வீட்லயும்தான். உங்களுக்கு வேற மாதிரி, எங்களுக்கு இதான்."

"சிலிண்டர மட்டும் ஏன் குளிப்பாட்டாம விட்டீக?" என்றாள்.



அடுத்த நாள் அவள் ஒரு பித்தளைச் செம்போடு வேலைக்கு வந்தாள். அரைமணி நேரம் லேட்டாகத்தான். முதல் வீட்டில் எமன் வரவில்லை, கூரை பறக்கவில்லை. நான் ரெகுலேட்டரை மாட்டியதும் செம்பில் சோப்பைக் கரைத்து நுரையோடு வீட்டுக்கார அம்மா கையில் கொடுத்தாள். "குளிக்காம சூடம் காட்டலாமாம்மா? நீங்கதான் குளிப்பாட்டணும். கழுத்துல ஊத்துங்க, டியூப் மேல தடவுங்க. நுரை அப்படியே அடங்குச்சுன்னா குளிச்சாச்சு. கொப்பளம் கொப்பளமா விட்டுச்சுன்னா இன்னும் குளிக்கலன்னு அர்த்தம். குளிக்கிற வரைக்கும் சூடம், விளக்கு, பீடி எதுவும் வாசலத் தாண்டி உள்ள வரக்கூடாது. கொப்பளம் விட்டா வால்வ மூடிட்டு, ஜன்னலத் திறந்துட்டு, எங்களுக்கு ஆள் அனுப்புங்க." அவ்வளவுதான் பேச்சு. இருபத்திரண்டும் ஒன்றாகிவிட்டது.

அந்த அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பயபக்தியோடு ஊற்றினாள். வீட்டு ஆண்கள் சூடத்தட்டைப் பற்ற வைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் எத்தனை வருசம் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் அவர்களை அப்படி நிறுத்தியிருக்க முடியாது.

பிறகு கேட்க வேண்டுமா? சேதி தெருத்தெருவாக ஓடியது. ஒரு வீட்டில் சோப்பில் கொழுப்பு சேர்ப்பார்கள், சாமி காரியத்துக்கு ஆகாது என்றார்கள். தங்கபாய் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு வீட்டில் பன்னீர் கலந்தார்கள். பாத்திரக்கடை காளிராஜே ஒரு நாள் ஏஜென்சிக்கு வந்து, "எங்க வீட்டுச் சிலிண்டர் மட்டும் குளிக்காம இருக்கே, மதினிமாரெல்லாம் கேக்காக" என்று தலையைச் சொறிந்தார். ஊதினவள் யார் என்பதை அவர் மறந்தே போனார். மறக்கவில்லையோ என்னவோ, அவர் வீட்டுக்கு அவள் போனபோது இரண்டு வாழைப்பழம் கூடுதலாகக் கொடுத்தார்.

எல்லாம் சரி. ஆனால் தங்கபாய் முகம் தெளியவில்லை. அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

எண்பத்தெட்டு தை மாதம் சங்கரலிங்கம் வந்தார். ஆவுடையம்மாளைக் கேட்காமலே மறுபடி எழுதிப் போட்டிருக்கிறார். "அவ ஒத்துக்க மாட்டா. ஸ்டவ்வுனாலும் நடுங்குதா, கேஸுனாலும் நடுங்குதா. விறக வச்சு ஊதுதா, வெந்த கையோட" என்றார். முதலாளி தங்கபாயைப் பார்த்தார். "அந்த வீடு வேண்டாம்மா. அங்கேருந்து திரும்பி வந்துச்சுன்னா நான் சொன்ன சொல்ல மாத்த முடியாது."

"நான்தான் போகணும் முதலாளி" என்றாள் தங்கபாய்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முன்னால் அடுப்பு எரிய வேண்டும் என்று சங்கரலிங்கத்தின் அக்கா சண்முகத்தாய் வாசலிலேயே சொல்லிவிட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. பஸ் வழக்கம்போல. பொங்கலுக்கு அடித்த வெள்ளையும் கதவுக்கு அடித்த புதுப் பெயின்டும் சேர்ந்து வீடே மணக்கிறது என்றார்கள். எனக்கு எதுவும் மணக்கவில்லை. இரண்டு நாளாக எனக்குச் சரியான ஜலதோசம்.

ஆவுடையம்மாள் அடுப்படிக்குள் வரவில்லை. நடையில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கபாய் அவள் பக்கத்தில் போய் நின்றாள். வலது கையை மூடியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். ஆவுடையம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"ஸ்டவ்வா?"

"ஸ்டவ்தான் அக்கா. உங்களப் பயமுறுத்துனது தப்பு. அரைகுறையாப் பயமுறுத்திட்டுப் போயிட்டேன். என்ன செய்யணும்னு சொல்லாமப் போயிட்டேன்."

"இப்ப என்ன செய்யணும்?"

"குளிப்பாட்டணும். வாங்க."

நான் ரெகுலேட்டரை மாட்டினேன். சண்முகத்தாய் பூஜை அறையிலிருந்து, "மணி பத்தேகால் ஆச்சுப்பா!" என்று கத்தினாள். அவசரம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பழைய புத்தி, குனிந்து மோப்பம் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியும் விட்டேன். அதைக் கேட்டதும் சண்முகத்தாய் சூடத்தை ஏற்றிக்கொண்டு பூஜை அறையை விட்டுக் கிளம்பிவிட்டாள். இரண்டு கட்டு வீடு. பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும்.

அடுப்படியில் ஆவுடையம்மாள் உட்கார்ந்து, சுருங்கிய இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து, சிலிண்டரின் கழுத்தில் ஊற்றினாள். நுரை வழிந்தது. அடங்கவில்லை. ரெகுலேட்டருக்கு அடியில் ஒரு கொப்பளம் எழுந்தது. பெரிதாகி உடைந்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக.

அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. எனக்கில்லை, தங்கபாய்க்குக்கூட இல்லை. நடுங்கிக்கொண்டு கதவைப் பிடித்து நின்றவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

"மதினி, நில்லுங்க! இன்னும் குளிக்கல! சூடத்த வாசலுக்குக் கொண்டு போங்க!"

சண்முகத்தாய் அடுப்படி நிலையிலிருந்து நாலடி தூரத்தில் நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. யார் சொல்வது என்று பார்க்கவில்லை. குளிக்காத சாமி முன்னால் சூடத்தோடு வந்துவிட்டோமே என்று பதறி, அப்படியே பின்வாங்கித் தெருவுக்குப் போய்விட்டாள். சூடம் அங்கேயே எரிந்து தீர்ந்தது. அதற்குள் ஆவுடையம்மாள் வால்வை மூடிவிட்டாள். தங்கபாய் ஜன்னலைத் திறந்தாள். நான் நின்றேன், மரம் மாதிரி.

ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தால் வால்வுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வாசர் பிய்ந்து கிடந்தது. மாட்டுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது நான். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியிலிருந்து புது வாசரை எடுக்கும்போது இரண்டு தடவை கீழே விழுந்தது. தங்கபாய் பொறுக்கிக் கொடுத்தாள். "சளி பிடிச்சா என்ன ஆகும்னு அன்னைக்கே கேட்டேன்ல அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. எல்லாரும் பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு அடித்ததும் ஆவுடையம்மாள் மறுபடி குளிப்பாட்டினாள். நுரை அப்படியே படிந்து அடங்கியது. ஒன்றுக்கு இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தாள். பிறகு பொட்டு, பூ, சூடம். தீக்குச்சியை அவளே கிழித்தாள். அடுப்பு நீலமாகப் பிடித்தது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தங்கபாயைத் திரும்பிப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டாள், கோபமே இல்லாமல்.

"அன்னைக்கே இத மட்டும் சொல்லியிருக்கலாம்ல தாயி?"

தங்கபாய் ஆவுடையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஆவுடையம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் பாலை அடுப்பில் ஏற்றினாள்.

முதல் டம்ளர் தங்கபாய்க்கு. இரண்டாவது எனக்கு. பால்கோவா கிண்டுகிறவர் வீட்டுப் பால், சீனி தூக்கலாகப் போட்டிருந்தார்கள் என்று பிறகு தங்கபாய் சொன்னாள். மூக்கு அடைத்திருந்ததால் எனக்கு ருசியே தெரியவில்லை. மறுநாள் காலையில் பாத்திரக்கடை காளிராஜிடம் போய் எனக்கென்று ஒரு செம்பு வாங்கினேன்.